ஆகாயத்திலிருந்து வரும் வானொலி, நம்ம ஊர் வானொலி ஆகுமா?

2009 டிசம்பர் 31. இந்தியாவில் பல வீடுகளின் ஜன்னலோரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சின்ன ஆன்டெனாக்கள் அன்றோடு வேலையிழந்தன. வேர்ல்ட்ஸ்பேஸ் செயற்கைக்கோள் வானொலி இந்தியாவில் சேவையை நிறுத்திக்கொண்டது. கர்நாடக இசைக்கு 'ஸ்ருதி', தமிழ்ப் பாடல்களுக்கு 'கேஎல் ரேடியோ' என்று நாள் முழுக்க விளம்பரமே இல்லாமல் கேட்டுப் பழகிய சந்தாதாரர்களுக்கு அது பெரிய ஏமாற்றம். ஏ.ஆர்.ரஹ்மான் விளம்பரத் தூதராக இருந்த சேவை அது. காசு கொடுத்து வாங்கிய ரிசீவரில் அந்தச் சேனல்கள் இனி வராது. பலர் வீட்டில் அது ஷோகேஸ் பொருளாகிவிட்டது.

வேர்ல்ட்ஸ்பேஸ் போனதற்காக வருத்தப்பட்டவர்களில் பெரும்பாலானோர் இசை ரசிகர்கள். 'எங்க ஊர் செய்தி இனிமே எப்படித் தெரியும்?' என்று யாரும் கேட்கவில்லை. ஏனென்றால், அந்த வானொலி யாருடைய ஊர்ச் செய்தியையும் சொன்னதில்லை.

வானத்திலிருந்து ஒரு கண்டத்துக்கே ஒலிபரப்பும் வானொலியால் ஒரு கிராமத்துக்கு, ஒரு மீனவக் குப்பத்துக்கு உண்மையிலேயே பயன்பட முடியுமா? இந்தக் கேள்வி அமெரிக்காவில் வழக்கமான வானொலி நிலையங்களுக்கும் செயற்கைக்கோள் நிறுவனங்களுக்கும் இடையே பெரிய சண்டையாகவே வெடித்தது. இலங்கையில் சுனாமிக்குப் பிறகு ஓர் ஆய்வாக நடந்தது. தமிழக மீனவர்களுக்கோ அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

செயற்கைக்கோள் வானொலி எப்படி வேலை செய்கிறது?

வழக்கமான எஃப்எம் நிலையத்தில் ஒரு கோபுரம் இருக்கும். அதிலிருந்து கிளம்பும் அலை சில பத்து கிலோமீட்டர் தூரம் போகும். மதுரை எஃப்எம் சென்னையில் எடுக்காது. இந்த எல்லைதான் எஃப்எம்மின் பலவீனம். உள்ளூர்த்தன்மை என்ற பலம் வருவதும் இதே எல்லையால்தான்.

செயற்கைக்கோள் வானொலியில் கோபுரத்தின் வேலையைச் செயற்கைக்கோள் செய்கிறது. வேர்ல்ட்ஸ்பேஸின் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றின. அதனால் தரையிலிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும். ஆப்பிரிக்காவுக்காக 1998-ல் 'ஆஃப்ரிஸ்டார்', ஆசியாவுக்காக 2000-ல் 'ஏசியாஸ்டார்' ஏவப்பட்டன. ஒவ்வொன்றும் மூன்று கதிர்க்கற்றைகளைப் பூமியை நோக்கி அனுப்பியது. ஒரு கற்றை விழும் பரப்பு ஒரு கோடி சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். இந்தியாவின் பரப்பளவே சுமார் 33 லட்சம் சதுர கிலோமீட்டர்தான்.

அதாவது கன்னியாகுமரியில் கேட்கும் அதே பாட்டுதான் காஷ்மீரிலும் கேட்கும். சிக்னல் விட்டுப்போகாது, கரகரப்பு இருக்காது. ஆனால், ரிசீவரின் ஆன்டெனாவுக்கும் வானத்துக்கும் நடுவில் கட்டடமோ மரமோ வரக் கூடாது. அமெரிக்காவில் உயரமான கட்டடங்கள் நிறைந்த நகரங்களில் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்ப, தரையில் நூற்றுக்கணக்கான ரிப்பீட்டர் கருவிகளை வைத்தார்கள். இந்த ரிப்பீட்டரை வைத்துத்தான் அங்கே சண்டையும் வந்தது. அதற்குப் பின்னால் வருவோம்.

ஏழைகளுக்காகப் பிறந்த யோசனை

வேர்ல்ட்ஸ்பேஸைத் தொடங்கியவர் எத்தியோப்பியாவில் பிறந்த வழக்கறிஞர் நோவா சமாரா. ஆண்டு 1990. ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் பரவிக்கொண்டிருந்த காலம். நோய் எப்படிப் பரவுகிறது என்ற அடிப்படைத் தகவல்கூடப் போய்ச் சேராத கிராமங்கள் ஏராளமாக இருந்தன. சாலை, மின்சாரம், வானொலிக் கோபுரம் எதுவும் இல்லாத இடங்களுக்கு வானத்திலிருந்து நேராகத் தகவலை இறக்கினால் என்ன என்பதுதான் அவருடைய யோசனை.

யோசனை நல்லதுதான். பணம் எங்கிருந்து வரும்? செயற்கைக்கோள் செய்வது, ஏவுவது, பராமரிப்பது எல்லாமே பெருஞ்செலவு. யாருக்காகத் தொடங்கப்பட்டதோ, அந்தக் கிராமத்து மக்களால் ரிசீவரும் வாங்க முடியாது, ஆண்டுச் சந்தாவும் கட்ட முடியாது. கட்டக்கூடியவர்கள் நகரத்து நடுத்தர வர்க்கத்தினர். அவர்களுக்கு வேண்டியது எய்ட்ஸ் விழிப்புணர்வு அல்ல, விளம்பரம் இல்லாத நல்ல இசை. நிறுவனமும் அந்தப் பக்கமே நகர்ந்தது. ஆப்பிரிக்காவை நினைத்துத் தொடங்கிய நிறுவனத்தின் சந்தாதாரர்களில் மிகப் பெரும்பாலானோர் கடைசியில் இந்தியாவில்தான் இருந்தார்கள். கடன் கழுத்தை நெரிக்க, 2008 அக்டோபரில் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கோரியது. அடுத்த ஆண்டு கடைசியில் இந்தியச் சேவை நின்றது.

உள்ளூர்ச் சேவை பற்றிய விவாதத்தில் இது முக்கியமான பாடம். சந்தா கட்டுகிறவர் கேட்பதைத்தான் வானொலி தரும். சந்தா கட்ட முடியாதவர் அந்த வானொலிக்கு நேயரே அல்ல.

ஊருக்கு ஒரு சேனல் தர முடியாதா?

'டிஜிட்டல்தானே, எத்தனை சேனல் வேண்டுமானாலும் தரலாமே?' என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் இடிக்கிறது.

ஒரு கற்றையில் அடங்குவது சில டஜன் சேனல்கள். தமிழ்நாட்டில் மாவட்டங்கள் மட்டுமே 38. மாவட்டத்துக்கு ஒரு சேனல் என்றாலே தமிழ்நாட்டோடு இடம் ஏறக்குறைய தீர்ந்துவிடும். இந்தியா முழுக்க 750-க்கும் மேற்பட்ட மாவட்டங்கள் இருக்கின்றன. அதோடு, ராமநாதபுரத்துக்கான சேனலும் ராஜஸ்தான் மீது, இமயமலை மீது, வங்கக் கடல் மீது என எல்லா இடத்திலும் கொட்டும். ஒரு தெருவுக்குத் தண்ணீர் விட ஊருக்கே மதகைத் திறந்தது போல.

எஃப்எம்மில் இந்தச் சிக்கல் இல்லை. பாம்பனில் பயன்படுத்தும் அதே 90.4 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை நூறு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு சமுதாய வானொலிக்கும் கொடுக்கலாம். இரண்டும் மோதாது. குறைந்த தூரமே போகும் என்பதால்தான் ஒரே அலைவரிசையை நாடு முழுக்கத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடிகிறது.

அமெரிக்காவில் நடந்த சண்டை

அமெரிக்காவில் எக்ஸ்எம் 2001-லும் சிரியஸ் 2002-லும் ஒலிபரப்பைத் தொடங்கின. 2008-ல் இரண்டும் இணைந்து இன்றைய சிரியஸ்எக்ஸ்எம் ஆனது. உரிமம் கொடுக்கும்போதே அங்கே ஒரு கேள்வி எழுந்தது. நாடு முழுக்க ஒலிக்கும் இந்தச் சேவை, ஊர் ஊராக இருக்கும் வானொலி நிலையங்களின் விளம்பர வருமானத்தைப் பறித்துவிட்டால் உள்ளூர்ச் செய்தியை யார் சொல்வது?

இதற்காகத் தகவல் தொடர்பு ஆணையம் ஒரு கட்டுப்பாடு வைத்தது. தரையில் இருக்கும் ரிப்பீட்டர்கள், செயற்கைக்கோளிலிருந்து நாடு முழுக்கப் போகும் அதே நிகழ்ச்சியைத்தான் திருப்பி அனுப்ப வேண்டும். சிகாகோ ரிப்பீட்டரில் சிகாகோவுக்கு மட்டும் தனி நிகழ்ச்சி போடக் கூடாது. சுருக்கமாகச் சொன்னால், உள்ளூர் வானொலியைக் காப்பாற்றுவதற்காகச் செயற்கைக்கோள் வானொலி 'உள்ளூர்' ஆவதற்கே தடை.

2004-ல் எக்ஸ்எம் ஒரு வழி கண்டுபிடித்தது. பெருநகரங்களுக்கான போக்குவரத்து, வானிலை சேனல்களைத் தொடங்கியது. ஆனால், அவற்றை ரிப்பீட்டர் வழியாக இல்லாமல் செயற்கைக்கோள் வழியாக நாடு முழுக்கவே ஒலிபரப்பியது. விதியை மீறவில்லை. நாட்டின் மறுமுனையில் போகும் லாரி ஓட்டுநர்கூட நியூயார்க் டிராஃபிக் ஜாமைக் கேட்கலாம், அவ்வளவுதான்! சிரியஸும் அதே வழியில் இறங்கியது. ஒலிபரப்பாளர்களின் தேசியச் சங்கம் இதைத் தடுக்கச் சொல்லி ஆணையத்திடம் முறையிட்டது.

இந்த முயற்சி யாருக்கெல்லாம் கிடைத்தது? மிகப் பெரிய சுமார் 20 நகரங்களை ஒட்டிய பகுதிகளுக்கு மட்டும். சேனல் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால், கூட்டம் அதிகம் உள்ள இடத்துக்குத்தான் முதலில் இடம் கிடைக்கும். சிற்றூர்கள் வரிசையிலேயே நிற்கவில்லை.

பக்கத்தில் கோபுரம் இருந்தால் போதுமா?

இந்த விவாதத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. உரிமத்தில் ஊர்ப் பெயர் இருப்பதாலேயே ஒரு நிலையம் உள்ளூர் நிலையம் ஆகிவிடாது.

2002 ஜனவரி 18-ம் தேதி அதிகாலை. வடக்கு டகோட்டா மாநிலத்தின் மைனாட் நகருக்கு அருகே சரக்கு ரயில் தடம்புரண்டு அமோனியா வாயு கசிந்தது. ஒருவர் இறந்தார், ஏராளமானோர் பாதிக்கப்பட்டனர். மக்களை எச்சரிக்க வானொலி நிலையத்தை அழைத்தபோது யாரையும் பிடிக்க முடியவில்லை என்று காவல் துறை கூறியது. அந்த ஊரின் ஆறு வணிக வானொலி நிலையங்களும் அப்போது ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. நிலையத்தில் ஆள் இருந்ததாகவும், அவசர எச்சரிக்கைக் கருவியைக் காவல் துறைதான் சரியாகப் பயன்படுத்தவில்லை என்றும் நிறுவனம் பதில் சொன்னது.

யார் மீது தவறு என்பது இருக்கட்டும். வெளியூரிலிருந்து வரும் நிகழ்ச்சியை இயந்திரம் ஒலிபரப்ப, ராத்திரியில் போனை எடுக்க ஆளில்லை என்றால், பக்கத்துத் தெருவில் கோபுரம் இருந்தும் பயனில்லை என்பதை அமெரிக்கா அன்று யோசிக்கத் தொடங்கியது. உள்ளூர் வானொலிக்குக் கோபுரம் பக்கத்தில் இருந்தால் போதாது. கூப்பிட்டால் திரும்பிப் பேச ஆளும் இருக்க வேண்டும்.

புயல் வந்தபோது யார் பேசினார்கள்?

2005 ஆகஸ்ட் 29-ல் கத்ரினா சூறாவளி நியூ ஆர்லியன்ஸைத் தாக்கியது. எக்ஸ்எம் நிறுவனம் நிவாரணப் பணிக்காகச் செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து ஒரு சேனலையே ஒதுக்கியது. தரையில் கோபுரங்கள் சாய்ந்தாலும் செயற்கைக்கோளுக்கு ஒன்றும் ஆகாது. இது செயற்கைக்கோள் வானொலியின் மறுக்க முடியாத பலம்.

ஆனால், 'எங்க தெருவுல தண்ணி வடிஞ்சுதா? ஐஸ் கட்டி எங்கே கிடைக்குது? அம்மாவைக் காணோம், யாராவது பாத்தீங்களா?' என்ற கேள்விகளுக்குப் பதில் சொன்னவை உள்ளூர் நிலையங்கள். நியூ ஆர்லியன்ஸின் டபிள்யூடபிள்யூஎல் நிலையம், வழக்கமான போட்டி நிலையங்களோடு கைகோத்து ஒலிபரப்பைத் தொடர்ந்தது. மிசிசிப்பியின் பே செயின்ட் லூயிஸ் ஊரில் டபிள்யூக்யூஆர்இசட் என்ற சிறு சமுதாய வானொலி மிகக் குறைந்த சக்தியில் ஒலிபரப்பி அந்த மாவட்டத்தின் தகவல் மையமானது.

இலங்கை செய்து பார்த்த சோதனை

இதை ஆய்வாகவே செய்து பார்த்த நாடு இலங்கை. 2004 சுனாமியில் பேரிழப்பைச் சந்தித்த பிறகு, எச்சரிக்கை கடைசிக் கிராமம் வரை எப்படிப் போய்ச் சேரும் என்ற கேள்வி எழுந்தது. லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனமும் சர்வோதய அமைப்பும் சேர்ந்து, சுனாமி பாதித்த 32 கிராமங்களில் பல கருவிகளை வைத்துச் சோதித்தன. அவற்றில் ஒன்று வேர்ல்ட்ஸ்பேஸின் சிறப்பு ரிசீவர். வழக்கமான ரிசீவர் போல இல்லாமல், குறிப்பிட்ட கருவிகளை மட்டும் தேர்ந்தெடுத்து எச்சரிக்கை அனுப்ப இதில் வழி இருந்தது. ஊருக்கு ஒரு சேனல் தர முடியாவிட்டாலும், ஊருக்கு ஓர் அபாய மணி தர முடியும்!

எந்த ஒற்றைக் கருவியும் போதாது, ஒன்றுக்கொன்று துணையாக இரண்டு வகை வேண்டும் என்பது அந்தச் சோதனையின் முக்கியப் பாடம். செயற்கைக்கோள் ரிசீவர் ஒருவழிப் பாதை. 'செய்தி வந்தது, ஊர் மக்களை மேட்டுக்கு அனுப்பிவிட்டோம்' என்று திருப்பிச் சொல்ல அதில் வழியில்லை. கைப்பேசியில் அது முடியும். அதைவிட முக்கியம், மணி அடித்தவுடன் யார் எந்த வீட்டுக்கு ஓட வேண்டும் என்று முன்பே பயிற்சி எடுத்திருப்பது. அந்தக் கடைசி இருநூறு மீட்டரைக் கடக்க வேண்டியவர்கள் ஊர் ஆட்கள்தான்.

கடலுக்குள் கதை மாறுகிறது

இதுவரை பார்த்ததை வைத்து 'எஃப்எம் போதும், செயற்கைக்கோள் வேண்டாம்' என்று முடித்துவிட முடியாது. கன்னியாகுமரி மீனவர்களைக் கேட்டால் தெரியும்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வேகமாக உருவானது. நவம்பர் 30 காலையில் அது புயலாக வலுப்பெற்றபோது, பல நாள் தங்கித் தொழில் செய்யப் போன படகுகள் ஆழ்கடலில் இருந்தன. அவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேர வழியே இல்லை. கைப்பேசி சிக்னல் கரையிலிருந்து கொஞ்ச தூரம்தான். எஃப்எம்மும் அப்படியே. தமிழக மீனவர்களில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள்.

நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, கடல் நடுவில் இருக்கும் படகுக்கு வானம்தான் வழி. ஒக்கிக்குப் பிறகு, 2019-ல் 'ஜெமினி' என்ற கருவி அறிமுகமானது. இந்தியாவின் ககன் செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கையை வாங்கிப் படகில் இருக்கும் கைப்பேசிக்குக் கொடுக்கும். இதுவும் ஒருவழிப் பாதைதான். அடுத்து வந்தவை இந்தக் குறையைச் சரிசெய்யப் பார்த்தன. 2024 ஜனவரியில் இஸ்ரோ அறிவித்த இரண்டாம் தலைமுறை ஆபத்து எச்சரிக்கைக் கருவியில், மீனவர் உதவி கேட்டால் 'செய்தி கிடைத்தது' என்ற பதிலும் படகுக்கு வரும். அதே ஆண்டு ஆகஸ்டில், ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. வானத்துக் கருவியும் மெல்ல மெல்லத் திரும்பிப் பேசக் கற்றுக்கொள்கிறது.

சிதறிக் கிடக்கும் சமூகங்கள்

'உள்ளூர்ச் சமூகம்' என்றால் ஒரே இடத்தில் வாழ்பவர்கள். ஆனால், எல்லாச் சமூகமும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. சிரியஸ்எக்ஸ்எம்மில் லாரி ஓட்டுநர்களுக்கென்றே ஒரு சேனல் இருக்கிறது. நாடு முழுக்க ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு எந்த ஊர் எஃப்எம் சொந்த எஃப்எம்? டெல்லியிலும் புனேயிலும் இருந்துகொண்டு 'ஸ்ருதி'யில் கச்சேரி கேட்டவர்களும் அப்படித்தான். அங்கங்கே பத்து பேர், இருபது பேர் என்று சிதறியிருப்பவர்களுக்காக எந்த ஊர் நிலையமும் நாள் முழுக்க ஒலிபரப்பாது. அவர்களை ஒன்றுசேர்ப்பதில் செயற்கைக்கோள் வானொலி கெட்டி. இன்று அந்த வேலையைப் பெரும்பாலும் கைப்பேசிச் செயலிகள் எடுத்துக்கொண்டுவிட்டன.

ரெண்டையும் சேர்த்தால்?

ஆப்பிரிக்காவில் 'ரானெட்' என்ற திட்டம் இந்தக் கேள்விக்கு அழகான பதில் சொன்னது. நைஜர் போன்ற நாடுகளில் மழை எப்போது வரும் என்பது விதைப்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும். வானிலை மையத்தின் தகவல் வேர்ல்ட்ஸ்பேஸ் செயற்கைக்கோள் வழியாகத் தொலைதூர ஊர்களுக்குத் தரவாக அனுப்பப்பட்டது. அங்கே இருந்த சிறிய சமுதாய எஃப்எம் நிலையம் அதை வாங்கி, அந்தப் பகுதி மக்களின் மொழியில், அவர்களுக்குப் புரியும் விதத்தில் ஒலிபரப்பியது.

இதில் செயற்கைக்கோள் ஒரு குழாய் மட்டுமே. தண்ணீரைக் குடத்தில் பிடித்து வீட்டுக்கு எடுத்துப் போவது ஊர் எஃப்எம். நமக்கு இது ரொம்பப் புதிதும் அல்ல. சென்னையில் வாசிக்கப்படும் மாநிலச் செய்தியைப் பிற ஊர் ஆகாசவாணி நிலையங்கள் அஞ்சல் செய்வதற்குச் செயற்கைக்கோள் இணைப்பு பல ஆண்டுகளாகவே பயன்பட்டு வருகிறது.

தமிழ்நாட்டில் என்ன நிலை?

வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்பளித்தது. 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியான அண்ணா எஃப்எம் ஒலிக்கத் தொடங்கியது. 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. சுனாமி பாதித்த நாகை மாவட்டத்தில் விழுந்தமாவடியில் 'களஞ்சியம்' வந்தது. 2016 சுதந்திர தினத்தன்று பாம்பனில் மீனவர்களுக்கான 'கடல் ஓசை 90.4' தொடங்கியது. தெலங்கானாவில் தலித் பெண்கள் நடத்தும் 'சங்கம் ரேடியோ' 2008 முதல் இயங்குகிறது.

நிகழ்ச்சி நடத்துபவரும் கேட்பவரும் ஒரே சந்தையில் மீன் வாங்குபவர்கள் என்பதுதான் இவற்றின் பலம். 'நாளைக்குக் கடலுக்குப் போலாமா?' என்று போன் போட்டுக் கேட்கலாம். நிகழ்ச்சி பிடிக்கவில்லை என்றால் நேரில் பார்க்கும்போது சொல்லிவிடலாம்.

ஆனால், கட்டுப்பாடுகளும் அதிகம். வழக்கமான அனுமதி 100 வாட் சக்திக்குத்தான். ஆன்டெனா உயரம் 30 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஒலி போவது சுமார் 10 முதல் 15 கிலோமீட்டர். சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப முடியாது. ஆகாசவாணி செய்தியை அப்படியே அஞ்சல் செய்யலாம். விளம்பரத்துக்கு மணிக்கு 7 நிமிடம்தான் என்றிருந்ததை, 2024-ல் வந்த புதிய வழிகாட்டுதல் 12 நிமிடமாக உயர்த்தியது. இருந்தும் சம்பளம், மின் கட்டணம், கருவி பழுது என்று தள்ளாடும் நிலையங்கள் பல. 140 கோடி பேர் வாழும் நாட்டில் இருக்கும் சமுதாய வானொலிகள் சுமார் 500.

அப்படியென்றால் பதில் என்ன?

சுருக்கமாக இப்படிப் புரிந்துகொள்ளலாம்:

• தொலைவைக் கடப்பதில் செயற்கைக்கோளுக்கு ஈடு இல்லை. ஆழ்கடல், மலைக் கிராமம், கோபுரங்கள் சாய்ந்த பேரிடர் நேரம் ஆகியவற்றில் அதுதான் கைகொடுக்கும்.

• ஊர் விஷயத்தைப் பேசுவது அதனால் முடியாத காரியம். சேனல் எண்ணிக்கை, செலவு, சந்தா எல்லாமே பெரிய சந்தையை நோக்கித்தான் அதை இழுக்கும்.

• கோபுரம் பக்கத்தில் இருப்பது மட்டும் போதாது. ராத்திரி போனை எடுக்க ஆள் இருக்க வேண்டும்.

• இரண்டையும் சேர்த்தால் பலன் கிடைக்கும். தகவலை வானத்திலிருந்து இறக்கலாம். ஊர் மொழியில் சொல்வதை ஊர்க்காரர்களிடம் விடலாம்.

கடலோரச் சமுதாய வானொலி ஒவ்வொன்றிலும் செயற்கைக்கோள் எச்சரிக்கையை நேரடியாக வாங்கும் ஒரு கருவியும், கரன்ட் போனாலும் இயங்கும் பேட்டரியும், மழை ராத்திரியில் மைக் முன் உட்கார ஓர் ஆளும் இருக்க வேண்டும். ஒரு செயற்கைக்கோளுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் பணம் ஒன்றுமே இல்லை. அடுத்த ஒக்கி, முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டு வராது.